செஞ்சி நாட்டில் சவரக்கத்தியின் சரித்திரம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியின் மேல் ஏறி, கல்யாண மகாலின் அடுக்குகளைக் கண்டு, தேசிங்குராஜனின் கதையைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2025ஆம் ஆண்டில் மராட்டியரின் ராணுவக் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் அங்கீகாரத்தைப் பெற்றிருப்பதால், அந்த யாத்திரை இனியும் பெருகவே செய்யும். ஆயினும் அம்மதில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தப் பிரதேசம் ஜைன முனிவர்களின் தவபூமியாக விளங்கியது என்பதற்குச் சாட்சி கூறும் ஊர், செஞ்சிக்கு அருகேயுள்ள தொண்டூர். அவ்வூர்க் குன்றில் முனிவர்கள் துயில்வதற்கென்று செதுக்கிய கற்படுக்கைகளும், அந்தத் தானத்தைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பதிவுசெய்த, கி.பி. 3ஆம் நூற்றாண்டளவிலான சாசனமும் இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றிலோ, பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசையாக வீற்றிருக்க, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவை ஒரு பழங்கல்வெட்டு காத்து நிற்கிறது.

அம்முனிவர்களின் வாழ்க்கையில் சவரக்கத்திக்கு இடமில்லை. தலைமயிரையும் தாடியையும் தம் கைவிரல்களாலேயே பற்றிப் பறித்துவிடுவது ஜைனத் துறவியின் விரதங்களுள் ஒன்று. கேசலோசம் என்று அதற்குப் பெயர். திகம்பர முனிவருக்கு விதிக்கப்பட்ட 28 மூலகுணங்களில் அதுவும் சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்வது உத்தமம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது மத்திமம், நான்கு மாதம் வரை தாமதிப்பது கடைத்தரம் என்று அவர்களுடைய சாஸ்திரங்கள் வகுத்திருக்கின்றன. மயிரைக் கையில் வழுக்காமல் பற்றுவதற்குச் சாம்பலைத் தடவிக்கொண்டு, அன்றைய தினம் உபவாசமும் இருந்து, முகத்தில் சிறு சுளிப்பும் தோன்றாமல் அக்காரியத்தை முடிப்பார்கள். கத்தி ஒன்றை வைத்துக்கொண்டால் அதுவும் ஓர் உடைமை ஆகிவிடும். நாவிதரை நாடினால் பிறரைச் சார்ந்திருக்க நேரும். மயிரைச் சடையாக வளரவிட்டாலோ அதில் குடியேறும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு விளையும். இம்மூன்று குற்றங்களினின்றும் விலகுவதற்கு அவர்கள் கண்ட உபாயம் அது. மழித்துக்கொள்வதனாலோ சடை வளர்த்துக்கொள்வதனாலோ துறவு வந்துவிடாது என்று வள்ளுவர் இடித்துரைத்த காலத்தில், முகத்து மயிரும் தலைமயிரும் எவ்வளவு பெரிய தர்ம விசாரத்துக்கு உரிய பொருள்களாக இருந்தன என்பதை இதனால் ஊகித்துக்கொள்ளலாம்.

துறவிகள் விலக்கிய அந்தக் கத்தியை இல்லறத்தார் விலக்கவில்லை. விலக்க முடியவும் இல்லை. ஆனால் அவர்களும் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு ஆண்மகனின் கழுத்தருகே வந்துபோன அந்தக் கூரிய இரும்பு, இன்னொருவருடைய கையில்தான் இருந்தது. அந்தக் கையிலிருந்து அது நம்முடைய கைக்கு எப்படி வந்தது, வரும்போது எதை உடன்கொண்டு வந்தது என்பதே இக்கட்டுரையில் நான் விசாரிக்கப் புகும் விஷயம். இன்று ஒருவர் நல்ல எவர்சில்வர் ஷேவிங் செட் ஒன்றைத் தேடிக் கடைக்குப் போகும்போது, அவர் தேடுவது உண்மையில் பழைய நாவிதருடைய கைத்திறனைத்தான் என்பது என்னுடைய திடமான எண்ணம்.

நாவிதருடைய தொழில் நம் நாட்டில் வெறும் மயிர் களையும் தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள திருமுக்கூடல் கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலர் சாலை நடந்துவந்தது. 15 படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவ நிலையத்தில் வைத்தியர், சல்லியக்கிரியை செய்வார், மருந்து கொணர்வார், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோருடன் நாவிதர் ஒருவரும் நெல் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தார் என்று அங்குள்ள நெடிய சாசனம் தெரிவிக்கிறது. கட்டிகளைக் கீறிச் சீழ் நீக்குவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, எலும்பு பிசகினால் தட்டிச் சேர்ப்பது முதலிய சிகிச்சைகளைக் கிராமங்களில் அண்மைக்காலம் வரையில் செய்துவந்தவர்கள் அவர்களே. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் அச்சமூகத்தார் வழங்கப்பெறுவது இந்தப் பழைய பணியின் காரணமாகவே. 1909ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றித் தொகுத்து வெளியிட்ட நூலிலும் இந்த இரட்டைத் தொழிலைப் பற்றிய குறிப்புகள் உள்ளன.

இத்தனை பணிக்கும் ரொக்கமாகக் கூலி கொடுக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. அறுவடை நாளில் களத்துமேட்டில் நெல் குவிந்ததும், பங்கு பிரிப்பதற்கு முன்னால், ஊர்த் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் உரிய அளவு நெல்லை அளந்து ஒதுக்கிவிடுவார்கள். மேரை என்று அதைச் சொல்லுவார்கள். செங்கற்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டின் மேற்பார்வையில் இரண்டாயிரம் கிராமங்களுக்கு மேல் எடுத்த கணக்குகளில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோருடன் நாவிதருக்குரிய பங்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. விளைந்த ஆண்டில் அவரும் வயிறார உண்டார். பொய்த்த ஆண்டில் ஊரோடு சேர்ந்து அவரும் பட்டினி கிடந்தார். ஊருக்கும் அவருக்கும் இருந்த பந்தம் அத்தகையது.

அந்தத் தொழில் நடந்த விதத்தைச் சற்று நெருங்கி நோக்குவது அவசியம். புங்க மரத்தடியில் இருவரும் எதிரெதிரே குந்தி அமர்வார்கள். நாவிதர் தம் கருவிப் பையாகிய அடைப்பத்தை அவிழ்த்து, கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, நகம் வாங்கும் உளி, சாணைக்கல், பித்தளைக் கிண்ணி, படிகாரக் கட்டி ஆகியவற்றைத் தரையில் பரப்புவார். சோப்பு என்பது பிற்காலத்து வரவு. அதற்கு முன் தண்ணீர் ஒன்றுதான். கிண்ணியில் விரலை நனைத்து, தாடை முழுவதும் நெடுநேரம் தேய்த்துத் தேய்த்து, முரட்டு மயிரும் பதம் பெற்று வளையும்வரை அவர் கத்தியைத் தொடமாட்டார். பிறகு சாணைக்கல்லில் நீர் தெளித்து அலகை இருபுறமும் இழுத்து, தோல்வாரிலோ உள்ளங்கையிலோ நாலைந்து முறை புரட்டி, தம் முழங்கை மயிரில் வைத்துக் கூர் பார்ப்பார். அதற்கப்பால் நடப்பதுதான் கலை. இடக்கைக் கட்டைவிரல் கன்னத்துத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க, வலக்கையிலுள்ள கத்தி தோலோடு ஒட்டிப் படியாமலும் அதற்குச் செங்குத்தாக நிமிராமலும் சாய்ந்து, மயிர் போகும் போக்கிலேயே முதலில் இறங்கும். பின்பு குறுக்காகவும் எதிராகவும் வரும். குரல்வளை மேட்டில் கத்தியின் வேகம் தானே தணியும். தாடை எலும்பின் விளிம்பில் சாய்மானம் தானே மாறும். கத்தியை அழுத்துவது என்பது அவர் அறியாத காரியம். அதன் பாரமே அதற்குப் போதும். சாய்மானம், தோலின் விறைப்பு, அழுத்தமின்மை, அலகின் கூர் என்னும் இந்த நான்கும் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த வித்தை. இந்த நான்கையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவை வேறு உருவில் திரும்ப வரும்.

இந்தச் சித்திரத்தின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு மேலே செல்வது நியாயமாகாது. ஊரார் அனைவரும் கழுத்தை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவராக இருந்த அதே மனிதரை, வீட்டுக்குள் வரவிடாமல் கொல்லைப்புறத்தில் நிறுத்தினார்கள். சவரம் முடிந்ததும் குளித்துத் தீட்டுக் கழித்தார்கள். அவருடைய கத்தி யாரைத் தொடலாம், யாரைத் தொடலாகாது என்பதையும் ஊர் ஆதிக்கமே தீர்மானித்தது. சேரியில் வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கத்தி மறுக்கப்பட்டது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில் முடிவெட்டிக்கொள்ளச் சென்றபோது, வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவரைத் தொட மறுத்துவிட்டார். காந்தியடிகள் கத்தரிக் கருவி ஒன்றை விலைக்கு வாங்கிவந்து கண்ணாடி முன் நின்று தம் தலைமயிரைத் தாமே வெட்டிக்கொண்டார். நண்பர்களின் பரிகாசத்துக்கு ஆளான அந்த நிகழ்ச்சியைத் தம் சுயசரிதையில் எழுதும்போது, அந்த நாவிதர்மீது அவர் சிறிதும் சினம் கொள்ளவில்லை. தீண்டாதார் என்று ஒதுக்கிய நம் சகோதரர்களுக்கு நம் நாட்டு நாவிதர்கள் பணி செய்ய நாம் இடம் கொடுப்பதில்லையே, அதன் பலனைத்தான் அங்கே தாம் அனுபவித்ததாக மனம் நொந்து எழுதுகிறார். தீண்டாமையின் பெயரால் ஒருவருக்குத் தொழிற்பணியை மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னரும், அந்த மறுப்பு எத்தனையோ கிராமங்களில் நெடுங்காலம் நீடித்தது. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கருவி ஒன்று மலிவாகக் கிடைப்பதன் பொருள், பட்டணத்து உத்தியோகஸ்தருக்கு நேர மிச்சம். ஒதுக்கப்பட்ட மனிதருக்கோ அது சுயமரியாதை.

இனி அந்தக் கருவிக்கு வேண்டிய எஃகின் கதைக்கு வருவோம். அதுவும் நம் நாட்டை விட்டு வெகுதூரம் செல்லாமலே தொடங்குகிறது. ஈரோட்டுக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், பழந்தமிழர் மூசையில் எஃகு உருக்கும் வித்தையில் தேர்ந்திருந்தமையைக் காட்டின. தென்னிந்தியாவின் அந்த மூசை எஃகு, வூட்ஸ் என்னும் பெயரில் ஐரோப்பிய விஞ்ஞானிகளின் கைக்கு எட்டியது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சங்கத்தில் அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் லண்டன் மாநகரக் கத்தித் தொழிலாளி, ரணசிகிச்சைக்குரிய கத்திகளையும் நுண்ணிய அலகுகளையும் செய்வதற்கு இந்திய எஃகைப் போன்றதொன்று இல்லை என்று போற்றி, அதன் ரகசியத்தை அறியும் வேட்கையால் இளைஞராயிருந்த மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்துகொண்டார். மின்சார சாஸ்திரத்தின் பிதாமகராகப் பின்னால் புகழ்பெறவிருந்த பாரடே, 1819 முதல் சில ஆண்டுகள் எஃகுடன் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் முதலிய உலோகங்களைக் கலந்து உருக்கிப் பார்த்த பரிசோதனைகளுக்குத் தூண்டுகோலாக அமைந்தது நம் நாட்டு எஃகே. அப்படி உருக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து அவர் நண்பர்களுக்குப் பரிசளித்து வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அந்த ஆராய்ச்சி நடந்து பத்தாண்டுகள் கழிந்ததும் எஃகின் கதை நம் தென்னாற்காடு ஜில்லாவுக்கே வந்து சேர்ந்தது. கும்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதின் சிறப்பை அறிந்து, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் பெரும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். தாது சேலத்திலிருந்து ஆற்றுவழியே பரிசல்களில் வந்தது; உலைக்கு வேண்டிய கரியைச் சுற்றுவட்டக் காடுகள் தந்தன. மூலதனம் பற்றாமலும், காடுகள் குறையக் குறையக் கரிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டும் அந்த முயற்சி நொடித்துப்போயிற்று. காடுகளுக்கு நேர்ந்த நஷ்டம் மட்டும் ஜில்லாவுக்கு மிஞ்சியது. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகுடன் மாங்கனீசைச் சேர்த்து அதன் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839இல் உரிமம் பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனால் செழித்தது. அவரோ ஓயாத வழக்குகளில் நொந்து மடிந்தார். பரங்கிப்பேட்டைச் சாம்பலுக்கும் ஷெபீல்டில் செய்து நம்மூர்ச் சந்தைக்குக் கப்பலேறி வந்த சவரக்கத்திக்கும் இப்படியொரு சம்பந்தம் உண்டு.

கத்தியைத் தன் கையில் எடுக்கத் துணிகிறவனுக்கு அதன் கூரிலிருந்து ஒரு காப்பு வேண்டும் என்று முதலில் சிந்தித்தவர் பிரான்சு தேசத்துக் கத்தித் தொழிலாளி ழான் ழாக் பெரே. தச்சரின் இழைப்புளியைக் கண்டு, அலகின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி மரக்காப்பு ஒன்றை 18ஆம் நூற்றாண்டிலேயே அவர் அமைத்தார். 1880இல் நியூயார்க்கில் காம்பே சகோதரர்கள் அக்காப்பை உலோகத்தில் செய்து விற்றார்கள். ஆனால் அவற்றிலெல்லாம் அலகை அவ்வப்போது தீட்டித்தான் ஆகவேண்டும். தீட்டுவது வித்தை அறிந்தவருக்கே கைவரும். அந்த வித்தையை அவசியமற்றதாக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட். புட்டி மூடிகள் செய்யும் கம்பெனியின் விற்பனையாளராக ஊரூராக அலைந்த அவருக்கு, மெல்லிய தகட்டில் இருபுறமும் கூர் வைத்து, மழுங்கியதும் எறிந்துவிட வேண்டிய அலகைச் செய்யும் எண்ணம் 1895இல் உதித்தது. காகிதம் போன்ற தகட்டை வளையாமல் பதப்படுத்துவது ஆகாத காரியம் என்று நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்னும் எந்திர நிபுணர் பல ஆண்டுகள் பாடுபட்டு அதைச் சாதித்துக் கொடுத்தார். 1903இல் விற்றவை 51 ஷேவிங் செட்டுகளும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டிலோ 90,000 செட்டுகளுக்கு மேல் விற்றன. 1904 நவம்பரில் உரிமமும் கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசாங்கம் 35 லட்சம் செட்டுகளை வாங்கிப் போர்வீரர்களுக்கு வழங்கியபோது, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் ஒரு தலைமுறை முழுவதற்கும் படிந்துவிட்டது.

நிக்கர்சன் வகுத்த அமைப்பின் நுட்பத்தை இங்கே உணர்ந்துகொள்ள வேண்டும். மேல்மூடி, அடித்தட்டு, பிடி என்னும் மூன்றே உறுப்புகள். தட்டையான பிளேடை வளைந்த மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துப் பிடியைத் திருகியதும், அந்த மெல்லிய தகடு வில்லாக வளைந்து விறைத்துக்கொள்கிறது. மேல்மூடியின் வளைவு, ஏறக்குறைய 30 பாகை சாய்மானத்தில் அலகைத் தோலின்மேல் படியச் செய்கிறது. முன்னே செல்லும் காப்புப் பட்டை தோலை இழுத்து விறைப்பாக்குகிறது. செட்டின் பாரம் அழுத்தும் அவசியத்தை நீக்குகிறது. புதிய பிளேடு சாணைக்கல்லையும் தோல்வாரையும் நீக்குகிறது. புங்க மரத்தடியில் நாம் கண்ட நால்வகை வித்தையும் இங்கே அப்படியே உலோகத்தில் இறங்கியிருக்கின்றன. நாவிதரின் கட்டைவிரல் காப்புப் பட்டையாயிற்று. அவருடைய மணிக்கட்டின் சாய்மானம் மேல்மூடியின் வளைவாயிற்று.

ஆனால் அந்நாளையப் பிளேடு கார்பன் எஃகால் ஆனது. துடைத்து வைக்க மறந்தால் மறுநாளே துருவேறிவிடும். கடற்காற்றின் ஈரம் படிந்த நம் கரையோர ஊர்களில் இது பெரும் உபத்திரவம். துருவுக்கு மாற்று ஷெபீல்டிலேயே பிறந்தது. துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேயாதிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். அமிலம் தீண்டாத அதன் குணத்தைக் கண்டு, அது கத்திகளுக்கு உகந்தது என்று முதலாளிகளிடம் அவர் மன்றாட வேண்டியிருந்தது. பாரடே காலத்தில் தொடங்கிய குரோமிய விசாரம் இவ்வாறு 90 ஆண்டுகள் கழிந்து பலன் தந்தது. சவரப் பிளேடாக அது வருவதற்கு இன்னும் அரைநூற்றாண்டு பிடித்தது. 1962இல் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனி துருவேறாத பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் ஆயுளைக் கண்டு ஜில்லெட் கம்பெனியே பின்தொடர நேர்ந்தது. அலகின்மேல் டெப்லான் போன்ற வழுவழுப்பான பூச்சை ஏற்றுவதற்கு வேண்டிய சூட்டில் கார்பன் எஃகு பதம் இழந்துவிடும். குரோமிய எஃகோ தன் கடினத்தை விடாது. துருவேறாத பிளேடு முகத்தில் மென்மையாக இழைவதன் ரகசியம் இதுவே.

நம் நாட்டில் மல்ஹோத்ரா குடும்பத்தார் கல்கத்தாவிலும் பிறகு பம்பாயை ஒட்டிய தானேயிலும் பிளேடு உற்பத்தியை வளர்த்தார்கள். பாரத், டோபாஸ், சூப்பர்மேக்ஸ் என்னும் பெயர்கள் பெட்டிக்கடைதோறும் அட்டையில் தொங்கின. 1984இல் ராஜஸ்தானத்து பிவாடியில் ஜில்லெட்டின் கூட்டுறவோடு கம்பெனி ஏற்பட்டபின் செவன் ஓ கிளாக் பிளேடும் அவ்வரிசையில் சேர்ந்தது. இவ்வாறு வீட்டுக்கு வந்த பிளேடு, விசித்திரமான வகையில் நாவிதரிடமே மீண்டும் சென்றது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின்னர், ஒரே கத்தியைப் பலருக்கும் பயன்படுத்துவது பற்றிய அச்சம் பரவியது. சலூன்காரர்கள் மடக்குக் கத்தியை வைத்துவிட்டு, இருபக்கக் கூர் பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் தகட்டுப் பிடியில் செருகி, வாடிக்கையாளர் கண்முன்னே புதிய அலகு என்று காட்டிவிட்டுச் சவரம் செய்யத் தொடங்கினார்கள். கோயில்களில் முடிகாணிக்கை செலுத்துவோருக்கும் இன்று இந்த அரை பிளேடே தலையில் ஓடுகிறது. அமெரிக்கத் தகடும் நம் நாவிதரின் பழைய கையும் ஒன்றுசேர்ந்த இந்தக் கூட்டு, தொழிலின் சரித்திரத்தில் தனியே குறிக்கத் தக்கது.

இத்தனை சரித்திரமும் அறிந்த பிறகு, இன்று ஒருவர் நிலையான ஷேவிங் செட் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது கடினமான வினா அன்று. முதலில் உலோகத்தைப் பார்க்க வேண்டும். மலிவான செட்டுகள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துக் குரோமிய முலாம் பூசியவை. முலாம் ஓரிடத்தில் உரிந்ததும் உள்ளிருக்கும் உலோகம் அரிக்கத் தொடங்கும். திருகு மரைதான் பெரும்பாலும் முதலில் ஒடியும். பித்தளையில் செய்து முலாம் பூசியவை இவற்றினும் நெடுநாள் உழைக்கும். முழு எஃகைக் கடைந்து செய்தவற்றில் முலாமே இல்லை, உரிவதற்கும் ஒன்றுமில்லை. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த 304 என்னும் வகை நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் எஃகே. மாலிப்டினமும் சேர்ந்த 316எல் வகை உப்புநீரையும் தாங்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை உபயோகிக்கும் ஊர்க்காரருக்கு இந்த விசேஷம் பயன் தரும். பிளேடின் எஃகு இவற்றினும் வேறு. 13 பங்கு குரோமியத்தோடு கார்பன் மிகுந்திருப்பதால் அது கூரை ஏற்று நிற்கிறது. பாத்திரத்து எஃகுக்கு அந்தக் கடினம் வராது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தலைப்பகுதியின் அமைப்பு. அலகுக்கும் காப்புப் பட்டைக்கும் இடையேயுள்ள வெளி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் செட்டு சாதுவாக இருக்கும். முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் வேகம் கூடும். கவனக்குறைவையும் அது மன்னிக்காது. தினந்தோறும் மழித்துக்கொள்கிறவருக்கு முதல் வகையும், வாரம் இருமுறை மழிக்கும் அடர்ந்த தாடிக்காரருக்கு இரண்டாவதும் பொருந்தும். ஆனால் இடைவெளியின் அளவு மட்டும் போதாது. அலகு மேல்மூடிக்கும் காப்புக்கும் வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும், பிளேடை விளிம்புக்கு அருகிலேயே இறுகப் பிடித்திருக்கிறதா என்பதும் அதைவிட முக்கியம். பிடிப்பு விளிம்பினின்றும் தள்ளியிருந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அந்தத் தகடு, முரட்டு மயிரில் மோதும்போது அதிர்ந்து தோலைச் சுரண்டும். வாங்கும்போதே பிளேடைப் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இருபுறமும் அலகு ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒருபுறம் தூக்கலாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதை ஏற்கலாகாது. எஃகில் கடைந்த செட்டு 100 கிராம் அளவு எடை இருக்கும். அந்த எடையைத் தானே வேலை செய்ய விட்டு, சோப்புக் கையிலும் வழுக்காத வரிப்பிடி உள்ளதா என்பதையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குறைந்த இழுப்பில், கீறலும் எரிச்சலும் இல்லாமல் முகத்தைத் துப்புரவாக்குவது எதுவோ அதுவே திறன்மிக்க செட்டு. முதல் இழுப்பிலேயே மயிரை வேரோடு எடுத்துவிடும் ஆவேசத்தைத் திறன் என்று கருதுவது தவறு. மரத்தடி நாவிதர் மூன்று போக்கில் சவரம் செய்தது காரணம் இல்லாமல் அன்று.

எஃகு செட்டு சில ஆயிரம் ரூபாய் விலை பெறும் என்பது மெய்யே; ஆனால் அதில் பொருந்தும் பிளேடு சில ரூபாய்தான். நூற்றிருபது ஆண்டுகளாக அதன் அளவும் மாறவில்லை. ஒரு கம்பெனியின் செட்டில் எந்தக் கம்பெனியின் பிளேடும் பொருந்தும். ஆகவே மூன்று அலகும் ஐந்து அலகும் அடுக்கிய பிளாஸ்டிக் தலைகளை அவ்வப்போது வாங்கிக் குப்பையில் எறிவதைக் காட்டிலும், ஒரு முறை செலவிட்டுப் பேரன் காலம் வரை வைத்திருக்கக்கூடிய கருவி சிக்கனமானது, மண்ணுக்கும் நல்லது. உபயோகித்ததும் உதறி, மாதம் ஒருமுறை பிரித்துக் கழுவி, ஈரம் போக உலர்த்தி வைப்பது ஒன்றே அது நம்மிடம் கேட்கும் பராமரிப்பு.

இவ்வளவு நுட்பமான கருவியை வாங்கும் நாம், அதனுள் அடங்கிய வித்தைக்கு உரியவர்களுக்கு என்ன கைம்மாறு செய்தோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவர்களுடைய தொழிற்பெயரை வசைச்சொல்லாக்கினோம். அவர்களுடைய மருத்துவத்தை நாட்டு வைத்தியம் என்று ஏளனம் செய்தோம். கத்தியும் உளியும் அடைப்பமும் பரணில் துருவேறிக் கிடக்க, வாளும் பீரங்கியும் மட்டுமே அருங்காட்சியகத்துக்குரியவை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். செஞ்சிக் கோட்டையின் பீரங்கிக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பங்கை, அக்கோட்டையில் இருந்த வீரர்களின் முகத்தை மழித்து, புண்ணைக் கட்டி, அவர்கள் மனைவியருக்குப் பிரசவம் பார்த்த குடும்பங்களின் கருவிகளுக்கும் செய்ய வேண்டும். தொண்டூர், திருநாதர் குன்று முதலிய இடங்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காப்பது போலவே, முதிய நாவிதர்களிடமிருந்து சாணை பிடிக்கும் முறையையும், கட்டி கீறிய அனுபவத்தையும், மேரை வாங்கிய கணக்கையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைக்கும் பணியைக் கல்லூரி மாணவர்கள் இப்பொழுதே தொடங்க வேண்டும். அந்த முதியவர்களின் தலைமுறை கழிந்துவிட்டால், எஃகில் இறங்கிய அந்த வித்தை யாருடைய கையிலிருந்து இறங்கியது என்று எடுத்துச் சொல்ல எந்தச் சாசனமும் நமக்கு மிஞ்சாது.